குடும்பக் கணக்கும் தலையெழுத்தும்

நமது குடும்பங்களில் வரவு செலவுத் திட்டமே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. மாதம் பிறந்ததும் வாடகை இவ்வளவு, மளிகை இவ்வளவு, பால் இவ்வளவு என்று எண்ணாதவர் யார்? அப்படியிருந்தும் 20-ந் தேதிக்குமேல் கைமாற்றுக்கு அலையாத வீடு எத்தனை? காரணம் கேட்டால், "திடீரென்று செலவு வந்துவிட்டது, எல்லாம் தலையெழுத்து" என்கிறார்கள்.

அந்தத் திடீர்ச் செலவுகள் எவை என்று சற்று யோசித்துப் பார்ப்போம். ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறப்பது திடீரென்றா? தீபாவளி என்றைக்கு என்பது காலண்டரில் அச்சாகவில்லையா? பங்காளி வீட்டு மொய், தங்கை மகளுக்குச் சீர், வீட்டு வரி, வண்டி இன்ஷூரன்ஸ் முதலியவைகளெல்லாம் வருஷந்தவறாமல் வருகின்றவைகளேயாகும். தெரிந்த செலவை எழுதாமல் விட்டுவிட்டு, வந்தபின் விதியின்மேல் பழிபோடுவது பகுத்தறிவுள்ள மனிதர் செய்யும் காரியமா என்று கேட்கின்றோம்.

உதாரணமாக, மாதம் 24,000 ரூபாய் வரவுள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வருஷத்தில் பள்ளிக்கூடச் செலவு 18,000, பண்டிகைத் துணிமணி 9,000, மொய்யும் சீரும் 12,000, வரி, வண்டி, மராமத்து 9,000 ஆக மொத்தம் 48,000 ரூபாய். இதைப் 12-ஆல் வகுத்தால் மாதம் 4,000. ஆகவே அக்குடும்பம் மாதச் செலவுக்கு எடுக்கத்தக்கது 20,000 ரூபாயேயாகும். இதை மறந்து, அந்த 48,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கி ஒரு வருஷம் வைத்திருந்தால் வட்டி மாத்திரம் 17,280 ரூபாய்! பிள்ளைகளின் ஒரு வருஷப் படிப்புச் செலவு ஏறக்குறைய அப்படியே வட்டிக்காரன் வீட்டுக்குப் போய்விடுகின்றது. 2003-ம் வருஷத்திலேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. ஆனால், நாமே தேடிப்போய்க் கைநீட்டினால் சட்டம் என்ன செய்யும்?

அன்றியும், அந்த 48,000-த்தில் செய்தே தீரவேண்டியது எவ்வளவு, ஊர்வாய்க்குப் பயந்து செய்வது எவ்வளவு என்று தனித்தனியே எழுதிப் பார்த்தால் பாதிக் கடன் அந்தக் காகிதத்திலேயே தீர்ந்துபோகும்.

கூலியே போதாதவர்களுக்குக் கணக்கு எழுதினால் பணம் முளைத்துவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. கூலி போதவில்லை என்பதை முதலாளியிடம் எடுத்துக்காட்டிக் கேட்பதற்காவது அந்தக் கணக்கு வேண்டாமா?

நிற்க, போட்ட திட்டம் நிலைக்காததற்கு முக்கியமான மற்றொரு காரணமுண்டு. கணக்குப் போடுகிறவர் ஆண். பற்றாக்குறையைச் சுமக்கிறவர் பெண். அரைக் கிலோ பருப்பு ஏன் அதிகம் என்று மனைவியைக் கேட்கின்றவர், தமது டீக்கும், சிகரெட்டுக்கும், சாராயத்துக்கும் போனதை எழுதுவதேயில்லை. கணவன் மறைத்தாலும் மனைவி மறைத்தாலும் அது கணக்காகாது.

ஆதலால், வீட்டிலுள்ளவர்கள் அனைவரும் பார்க்கும்படியான இடத்தில் ஒரு நோட்டை வைத்து, சம்பளம் வந்த அன்றே வருஷச் செலவின் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியை இருவரும் சேர்ந்து பங்கிட்டு, அவரவர் செலவை அவரவர் கையாலேயே எழுதிவர வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.