பௌதிகம் யார் வீட்டுச் சொத்து?

தொழிலாளி வீட்டுப் பெண் பிளஸ் டூ தேறி, அரசாங்கக் கல்லூரியில் பி.எஸ்ஸி. பௌதிகத்துக்கு (இப்போது இயற்பியல் என்று எழுதுகிறார்கள்) மனுப் போட்டால் போதும், தெருவே கூடிவிடுகிறது. "அதைப் படித்து என்ன கிடைக்கும்? கடனை உடனை வாங்கியாவது இஞ்சினீயரிங்கில் தள்ளு" என்கிறது ஒரு கூட்டம். தனியார் கல்லூரித் தரகர்கள் வாசலுக்கே வந்துவிடுகிறார்கள். "கூலிக்காரன் மகளுக்கு அணு எதற்கு, அண்டம் எதற்கு?" என்று கேலி பேசுகிறது இன்னொரு கூட்டம். உழைப்பவன் கருவியை ஓட்டினால் போதும், அது ஏன் ஓடுகிறது என்று கேட்கக் கூடாது என்பதே இரண்டு பேச்சுக்கும் அடிப்படை.

கிணற்று வேலை தெரிந்த தோழர்களைக் கேட்கிறோம். தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டால், மேட்டில் வைத்த மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி ஆனாலும் தண்ணீர் ஏறுவதில்லை. கிணற்றுக்குள்ளே திட்டுக் கட்டி மோட்டாரை இறக்குகிறோம். ஏன்? பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். கிணற்று நீரின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாயில் ஏற்றுகிறது. காற்றின் பளுவால் ஏறக்கூடியது அதிகபட்சம் சுமார் 34 அடி; நடைமுறையில் 25 அடியைத் தாண்டுவதே கஷ்டம். இத்தாலியின் கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் ஒரு பம்பு ரிப்பேர்காரர் வருகிறார். பழுது பம்பில் இல்லை, தண்ணீர்தான் அளவுக்கு மீறிக் கீழே போய்விட்டது என்கிறார் அவர். சரியான காரணம் கலிலியோவுக்கே பிடிபடவில்லை. அவருடைய சீடர் டாரிசெல்லி 1643-44-இல் பாதரசத்தை வைத்து அதைக் கண்டார். ஆனால் விஷயத்தை முதலில் எடுத்துச் சொன்னவர் ரிப்பேர்காரர் என்பதைக் கவனியுங்கள்.

பஞ்சாலைக்கு வருவோம். ஸ்பின்னிங்கில் ஈரக்காற்று விடுகிறார்களே, யாருக்காக? காற்று காய்ந்தால் இழையில் மின்னேற்றம் கூடும். இழை சிலிர்த்து நிற்கும், நூல் அறும். நூலின் சௌகரியத்துக்கு விடும் ஈரம் ஆளை வேகவைக்கிறது. உடம்புச் சூடு தணிய வேர்வை ஆவியாக வேண்டும். காற்றில் ஈரம் நிரம்பியிருந்தால் வேர்வை வழியுமே தவிர ஆவியாகாது. இதை அளக்க இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். துணி காயக் காய அதன் அளவு இறங்கும். கொளுத்தும் உஷ்ணத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நின்றால் அந்த இடம் மனிதனுக்கு ஆபத்து. இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாளர்கள் தறிக்கூடத்தில் நீராவி விடுவதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள்; 1889-இல் ஈரத்துக்கு வரம்பு வைத்துச் சட்டம் வந்தது. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் 15-ஆவது பிரிவு இதற்கென்றே இருந்தது. இந்தக் கணக்குத் தெரிந்த ஒருவர் சங்கத்தில் இருந்தால், "வெக்கை தாங்கவில்லை" என்ற முறையீடு மானேஜர் மேஜைமேல் எண்ணாகப் போய் விழும்.

காற்றழுத்தமும் ஈரமும் வெப்பமும் அந்த மூன்று வருஷப் படிப்பில் ஒரு மூலைதான். ஒளி, மின்சாரம், காந்தம், மின்னணுவியல், அணு எல்லாம் உண்டு. கஷ்டமான படிப்பு, கணக்கில் காலூன்றாதவர் இரண்டாம் வருஷம் திணறுவார். பட்டம் வாங்கிய மறுநாளே வேலை காத்திருக்காது என்பதையும் நாம் மறைக்கவில்லை. பி.எட். முடித்து வாத்தியாராகலாம். ஜாம் என்ற அகில இந்தியத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. படிக்கப் போகலாம். எதுவும் கிடைக்கத் தாமதமானாலும், வீட்டை அடகு வைக்காமல் படித்து முடித்திருப்பார்கள். இஞ்சினீயரிங் கடனில் மூழ்கிய குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மேக்நாத் சாகா 1893-இல் டாக்கா பக்கத்துக் கிராமத்தில் சிறு கடைக்காரர் மகனாகப் பிறந்தவர். கடையில் உட்கார் என்றுதான் அவருக்கும் சொன்னார்கள். 1905-இல் கவர்னர் வருகையைப் பகிஷ்கரித்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உபகாரச் சம்பளமும் போயிற்று. கணிதம் படித்துப் பௌதிகத்துக்கு வந்த அவர், 1920-இல் நட்சத்திரத்தின் ஒளியைக் கொண்டு அதன் உஷ்ணத்தை அறிய வழி காட்டினார். 1952-இல் லோக்சபாவுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அரசாங்கத்தைச் சும்மா விட முடியாது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022-இல் வந்தது. ஆண்களுக்கு 2024-இல் வந்தது. வரவேற்கிறோம். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அது ஆகும். ஆய்வுக்கூடத்துக்கு லென்ஸ் வாங்கித் தராது. ஒரே ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சுற்றி எட்டுப் பேர் நின்று, ஒருவர் எடுத்த அளவை ஏழு பேர் காப்பி எழுதினால் அது பௌதிகமா? நிரந்தர ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவம் பெயரில் மட்டும்! மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று 2019-இல் யு.ஜி.சி. சொன்ன பிறகும், அதைக் கேட்டு அவர்கள் தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் தோழர்கள் ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை கருவி வேலை செய்கிறது, எத்தனை ஆசிரியர் நிரந்தரம் என்று கேளுங்கள். பதில் சரியில்லையென்றால் பிள்ளையை வேறு படிப்புக்கு மாற்ற வேண்டாம். சங்கக் கிளையில் வந்து சொல்லுங்கள். மனுவோடு கல்லூரி முதல்வரையும், கல்லூரிக் கல்வி இணை இயக்குநரையும் நாம் சேர்ந்து போய்ப் பார்ப்போம்.