தொடர்கதையும் வாசகர் பொறுமையும்

"இவ்வாரம் கதை ஓரடியும் நகரவில்லை" என்னும் முறையீடு தொடர்கதைகளுக்குப் புதிதன்று. 1860-இல் இலண்டனில் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் வில்க்கி காலின்ஸின் 'தி உமன் இன் ஒயிட்' நிறைவெய்தியது. நிலவொளி படர்ந்த தனிவழியில், பின்னின்று தோளைத் தொடும் ஒரு கை! அத்தகைய அச்சத்தில் திளைத்திருந்த வாசகர்க்கு, அடுத்து வந்த சார்லஸ் லீவரின் தொடர் சுவைக்கவில்லை. பகற்கனவு கண்டவாறே குதிரையேறிச் சுற்றும் கதைத்தலைவனோடு செல்ல அவர்களுக்குப் பொறுமையில்லை. இதழின் விற்பனை சரிந்தது. வாசகரின் கடுமையான கண்டனம் மௌனந்தானே!

டிக்கன்ஸ் நண்பரின் மனம் நோகாவண்ணம் மடல் வரைந்துவிட்டு, மாதப் பகுதிகளாக வெளியிட எண்ணியிருந்த தம் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை டிசம்பர் 1 முதல் வாரந்தோறும் எழுதலானார். விற்பனை மீண்டது.

விரைவு ஒன்றே இதழை மீட்டதென நாம் கருதவில்லை. சதுப்பு நிலம், மங்கும் மாலை, பெற்றோரின் கல்லறையருகே அழும் சிறுவன், கால்விலங்குடன் எழும் கைதி: முதல் வாரத்தில் நிகழ்ச்சிகள் சிலவே, சூழலே நெஞ்சைப் பற்றுகிறது. லீவரையும் முற்றாகக் குறைகூறல் நியாயமன்று. மாத வெளியீடுகளில் பழகிய கை அவருடையது. அங்கே பொறுக்கப்படும் தாமதம் வாரத் தவணையில் பொறுக்கப்படுவதில்லை. அவருடைய தொடரும் 1861 மார்ச் வரை உடன் வெளிவந்தது. மனக்கசப்புக்கு இடமிருந்தும், 1863-இல் தம் 'பாரிங்டன்' நாவலை அவர் டிக்கன்ஸுக்கே காணிக்கையாக்கினார்.