அடைச்சூடு

எகிப்தில் நைல் நதியின் கழிமுகத்துக் கிராமங்களில் கோழிமுட்டை பொரிக்கும் சூளைகள் இருந்தன. சில இடங்களில் சமீப காலம்வரை எரிந்திருக்கின்றன. பரம்பரையாக அந்தச் சூளையில் வேலை பார்த்தவர்கள் வெப்பமானியை நம்பியதில்லை. முட்டையை எடுத்துக் கண்ணிமையின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். உடம்பிலேயே மெல்லிய தோல் அது. சூடு கூடினாலும் குறைந்தாலும் இமை சொல்லிவிடும். கூடியிருந்தால் கூரைத் துவாரத்தைத் திறப்பார்கள். குறைந்திருந்தால் சாணமும் வைக்கோலும் கலந்த எருவை இன்னும் கொஞ்சம் போட்டு மூட்டுவார்கள்.

நம் ஊர்களில் இன்று மீன் வரும் தெர்மாகோல் பெட்டி இன்குபேட்டராகியிருக்கிறது. உள்ளே இரண்டு குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய சிறு ஃபேன், ஒரு கிண்ணம் தண்ணீர். வெளியே, சிவப்பு எழுத்தில் 37.5 என்று காட்டும் தெர்மோஸ்டாட். சூடு ஏறினால் பல்பு தானாக அணைகிறது, இறங்கினால் எரிகிறது. இமையின் வேலையை உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகை பார்த்துக்கொள்கிறது.

அந்த இமைக்கும் இந்தப் பலகைக்கும் நடுவே 2,000 ஆண்டுகளுக்கு மேல் போயிருக்கின்றன. அவ்வளவு காலத்தில் கோழியிடமிருந்து நாம் கற்றுக்கொண்டது நிறைய. அதனிடமிருந்து எடுத்துக்கொண்டதும் நிறைய. இரண்டாவதைப் பற்றி நாம் போதிய அளவு யோசிக்கவில்லை என்பது என் எண்ணம்.

எகிப்தியர்கள் முட்டைகளை எருக்குவியலில் புதைத்துப் பொரிக்க வைப்பதைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் குறிப்பிட்டிருக்கிறார். அதே நூலில் அவர் செய்துகாட்டிய வேலை இன்னும் பெரியது. அடையில் இருக்கும் முட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாள் கழிந்ததும் வெண்கருவில் ஒரு ரத்தப் புள்ளி துடிப்பதையும், இருபதாம் நாளை ஒட்டிக் குஞ்சு உள்ளேயே அசைந்து குரல் கொடுப்பதையும் எழுதி வைத்தார். இன்று வீட்டில் இன்குபேட்டர் வைத்திருப்பவர் இருட்டறையில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையைப் பிடித்துப் பார்க்கிறாரே, அவர் கண்ணுக்குத் தெரிவதும் அந்தப் புள்ளிதான். நான்காம், ஐந்தாம் நாளில் சிலந்தி கால் விரித்தாற்போல ரத்தக் குழாய்கள் நாற்புறமும் ஓடும். நடுவே ஒரு துளி கறுத்துத் துடிக்கும். ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு ஒரு நொடி நின்றுதான் வருகிறது.

எகிப்தின் அந்தச் சூளையின் அமைப்பு எளிமையானது. சுடாத மண்செங்கல் கட்டடம். நடுவில் ஒடுங்கிய நடை, இருபுறமும் மேலும் கீழுமாக இரண்டடுக்கு அறைகள். கீழறையில் முட்டைகளைப் பரப்பி, மேலறையின் ஓரத்து வாய்க்காலில் எருவை எரிப்பார்கள். ஆட்கள் உள்ளேயே இருந்து நாள்தோறும் முட்டைகளைப் புரட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் போனதும் நெருப்பை அணைய விட்டுவிடுவார்கள். அதற்குள் கருக்கள் வளர்ந்து தாமே சூடு தரத் தொடங்கிவிடும். ஆயிரக்கணக்கான முட்டைகள் ஒன்றுக்கொன்று அடைகாக்கும். பெர்மா என்ற ஊர்க்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். தொழில் ரகசியம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். அவர்கள் ஒப்பந்தமும் நியாயமானது: கொடுத்த முட்டையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குஞ்சு திருப்பித் தர வேண்டும், மிஞ்சியது சூளைக்காரருக்கு. தெர்மோஸ்டாட் வைத்த வீட்டுப் பெட்டியில் இன்று மூன்றில் இரண்டு பொரித்தால் பலர் திருப்தியாகத் தலையாட்டுகிறார்கள். வெறும் இமையை நம்பி அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டார்கள் என்றால் அந்தக் கைகள் எப்படிப்பட்டவை!

14ஆம் நூற்றாண்டில் கெய்ரோ வழியாகப் போன அயர்லாந்துத் துறவி ஒருவர், சேவலும் பெட்டையும் இல்லாமலே நெருப்பால் எண்ணற்ற குஞ்சுகள் உண்டாகின்றன என்று அதிசயித்து எழுதினார். ஐரோப்பா இதைக் கதையாகவே கேட்டுக்கொண்டிருந்தது. கதையைத் தொழில்நுட்பமாக மாற்ற முனைந்தவர் பிரான்சின் ரெயோமூர். தன் பெயரில் வெப்பமானி அளவையே கண்ட அந்த அறிஞர், குஞ்சு பொரிக்கும் கலையைப் பற்றி 1749இல் நூல் வெளியிட்டார். மது பீப்பாய்களைச் சூடான எருவுக்குள் புதைத்துப் பார்த்தார். எருவின் ஆவி பட்டுக் கருக்கள் செத்தன. ரொட்டி அடுப்பின் மேலறையில் வைத்துப் பார்த்தார். சூட்டை அளக்க அவரிடம் கருவி இருந்தது. ஆனால் ஈரத்தை, காற்றை, புரட்டுவதை எல்லாம் சேர்த்துப் பார்க்கும் பெர்மாக்காரரின் பழக்கம் நூல் படித்து வருவதாக இல்லை.

நெருப்பைத் தானே அடக்கிக்கொள்ளும் அடுப்பை 17ஆம் நூற்றாண்டிலேயே கொர்னேலிஸ் ட்ரெபல் என்ற டச்சுக்காரர் செய்து காட்டியிருந்தார். வெப்பத்தால் விரியும் திரவம் அடுப்பின் காற்றுவழியை மூடும், குளிர்ந்தால் திறக்கும். அது பரவலான உபயோகத்துக்கு வர 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1879இல் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைஸ் ஓர் இன்குபேட்டர் செய்தார். 1881இல் இங்கிலாந்தில் சார்லஸ் ஹியர்சன், மெல்லிய உலோகத் தகடுகளுக்கிடையே எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்து, சூடு ஏறியதும் அது உப்பி விளக்கின் மூடியை நகர்த்தும்படி செய்தார். நம் தெர்மாகோல் பெட்டியின் நேரடி முன்னோர்கள் இவை.

இந்த இடத்தில் கோழிக்கதையை விட்டு மனிதக் குழந்தையிடம் போக வேண்டியிருக்கிறது. பாரிஸ் நகர மகப்பேறு மருத்துவமனையில் ஸ்தெஃபான் தர்னியே என்ற மருத்துவர் இருந்தார். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் குளிரில் விறைத்துச் சாவதைத் தினமும் பார்த்தவர். ஒரு நாள் நகரத்து விலங்கியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டார். பிள்ளைகளுக்கும் இப்படி ஒன்று செய்து தர முடியுமா என்று, அதைச் செய்த ஒடீல் மார்ட்டினிடம் கேட்டார். 1880இல் அந்தப் பெட்டி மருத்துவமனைக்கு வந்தது. கீழே வெந்நீர்த் தொட்டி, மேலே மெத்தை, நடுவே மெல்ல ஏறும் வெதுவெதுப்பான காற்று. இரண்டு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த பிள்ளைகளில் 66 சதவீதம் இறந்துகொண்டிருந்த நிலை 38 சதவீதமாக இறங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கருவிக்கு வைத்த பெயர் 'கூவேஸ்'. அடைகாப்பவள் என்று பொருள். நம் அரசு மருத்துவமனைகளில் இன்குபேட்டரில் வைத்திருக்கிறார்கள் என்று உறவினர்கள் வாசலில் கவலையோடு பேசிக்கொள்கிறார்களே, அந்தச் சொல் கோழியிடமிருந்து வந்தது. இதைவிடப் பெரிய கடன் மனிதருக்குக் கோழியிடம் இருக்க முடியாது.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் வியாபாரம் ஓடத் தொடங்கியது. முட்டையிலிருந்து வெளிவரும் முன் மஞ்சள் கருவின் மிச்சத்தைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் இரண்டு மூன்று நாள் தீனி தண்ணீர் இல்லாமல் தாங்கும். இதை வைத்து 1892இல் நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர் குஞ்சுகளை ரயிலில் அனுப்பினார். 1918 முதல் அமெரிக்கத் தபால்துறையே ஏற்றுக்கொண்டது. மின்சாரமும் காற்றாடியும் வந்தபின் அறையளவு இன்குபேட்டர்கள் வந்தன. ஒரே பொரிப்பகத்தில் லட்சக்கணக்கில் முட்டைகள்.

கோழி வேகமாக மாறியது இதற்குப் பிறகுதான்.

நாட்டுக்கோழி ஒன்று பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அதன் நடை மாறும். கூட்டைவிட்டு எழாது, இறகைச் சிலிர்க்கும், தொட்டால் கொத்தும். நெஞ்சின் கீழ்ப்புறம் இறகு உதிர்ந்து வெறும் தோல் முட்டையில் படியும். அவயத்துக்கு உட்கார்ந்துவிட்டது என்பார்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். கூடையில் மணல் பரப்பி, இடிக்கும் மின்னலுக்கும் முட்டை கூமுட்டையாகாமல் இருக்க ஓர் இரும்புத்துண்டு, அடுப்புக்கரி, ஒரு மிளகாய் வற்றலும் போட்டு வைப்பார்கள். கோழியின் உடம்பில் அப்போது புரோலாக்டின் என்ற சுரப்பு கூடியிருக்கும். தாய்மாருக்குப் பால் சுரக்கக் காரணமானதும் அதே சுரப்புதான். அது கூடியதும் முட்டையிடுவது நிற்கும். 21 நாள் அடை, அதற்குமேல் இரண்டு மாதம் குஞ்சுகளோடு மேய்ச்சல். கிராமத்து வீட்டுக்கு அது இயல்பான ஓய்வு. பண்ணைக்கு அது நஷ்டம்.

ஆகவே அடைக்கு உட்காராத கோழிகளாகப் பார்த்துப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். நாமக்கல் பண்ணைகளில் நிற்கும் வெள்ளைக் கோழிகளின் மூதாதையான லெகார்ன் இனம் அப்படித்தான் உருவானது. ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும், ஒன்றின்மேலும் உட்காராது. அந்த இனத்துக்கு இன்று மின்சாரம்தான் தாய். பொரிப்பகங்கள் நின்றுபோனால் ஒரே தலைமுறையில் அது மண்ணிலிருந்து மறையும். அதன் ஆண் குஞ்சுகள் இறைச்சிக்கும் ஆகா, முட்டைக்கும் ஆகா என்று பிறந்த அன்றே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி 2022இல்தான் அதைச் சட்டத்தால் நிறுத்தியது. மலிவான முட்டை நம் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டுக்கு வந்தது இதே வழியில்தான் என்பதை நான் மறுக்கவில்லை. முட்டையின் விலைக்குள் அடங்காத இன்னொரு விலையும் உண்டு என்பதைத்தான் சொல்கிறேன்.

வீட்டு இன்குபேட்டரை நான் மதிப்பது இதனால்தான். பொரிப்பகம் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்விட்ட வேலையை அது மறுபடி வீட்டுக்குள் வைக்கிறது. கடை முட்டை பொரிக்காது, சேவல் சேர்ந்த முட்டைதான் வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கு முதல் பாடம். ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாக, கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்ந்த இடத்தில் வைத்திருந்ததாக வேண்டும். நாளுக்கு மூன்று முறையாவது புரட்ட வேண்டும். புரட்டாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். 18 நாள்வரை ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி. பிறகு புரட்டுவதை நிறுத்தி, ஈரத்தை எழுபதுக்கு அருகே ஏற்ற வேண்டும். இல்லையென்றால் சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றிக்கொள்ளும். பொரிக்கும் நாள்வரை முட்டை தன் எடையில் எட்டில் ஒரு பங்கை நீராவியாக இழக்கிறது. ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே அது மூச்சு விடுகிறது.

எங்கள் வீட்டில் ஒரு முறை 19ஆம் நாள் இரவு கரண்ட் போனது. நான்கு மணி நேரம் வரவில்லை. பெட்டிக்குள் வெந்நீர்ப் பாட்டில்களை வைத்து, கம்பளி போர்த்தி, விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். உண்மையில் கொஞ்ச நேரக் குளிரை முட்டை தாங்கும். தாய்க்கோழியே தினம் ஒரு முறை எழுந்து இரை தின்னப் போய் வருகிறது. கருவைக் கொல்வது மிகைச்சூடு. அது அன்று எனக்குத் தெரியாது. விடியும் முன் ஒரு முட்டைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. என் மகள் அந்தப் பெட்டியில் காதை வைத்துப் பதில் குரல் கொடுத்தாள். அடைக்கோழியும் கடைசி நாள்களில் அப்படித்தான் முட்டைகளோடு பேசும்.

ஓட்டில் விரிசல் விட்டபின் குஞ்சு முழுதாக வெளிவர அரை நாள், சில வேளை ஒரு நாள்கூட ஆகும். கை பரபரக்கும். பிய்த்து எடுத்தால் இன்னும் ரத்தம் ஓடும் குழாய்கள் அறுந்து குஞ்சு செத்துப்போகும். உதவி செய்யாமல் பக்கத்தில் இருப்பது எவ்வளவு கடினம் என்று அந்த ஒரு நாளில் தெரிந்துகொண்டேன்.

பெட்டியால் தர முடியாதவையும் உண்டு. 1973இல் பின்லாந்து ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: வளர்ந்த கோழியின் குடலிலுள்ள நுண்ணுயிர்களைக் கொடுத்தால் குஞ்சுகளைச் சால்மோனெல்லா எளிதில் பற்றுவதில்லை. தாயோடு மேயும் குஞ்சுக்கு அது தாயின் எச்சம் கிடக்கும் மண்ணிலிருந்தே கிடைத்துவிடுகிறது. பெட்டியில் பிறந்தது வெறும் வயிற்றோடு தொடங்குகிறது. பருந்தின் நிழல் விழுந்ததும் தாய் எழுப்பும் குரலும், கறையான் புற்றைக் கிளறிக் காட்டும் காலும், இரவில் ஒண்டிக்கொள்ளும் இறகும், குஞ்சுகளுக்குச் சூடு தரும் புரூடர் பல்பிடம் இல்லை.

வீட்டு இன்குபேட்டர் பெருகும்போது ஓர் ஆபத்தும் கூடவே வருகிறது. அடைக்கு உட்காரும் பெட்டையை இப்போதே பலர் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள், மூக்கில் இறகைக் குத்திவிடுகிறார்கள், சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வரட்டும் என்று. முட்டையை எடுத்துப் பெட்டியில் வைத்தால் போதும் என்ற எண்ணம் ஊன்றினால், அதிகம் இடுவதையும் அடைக்கு உட்காராததையுமே விதைக்கோழியாக நிறுத்துவோம். பண்ணைகள் லெகார்னுக்குச் செய்ததைச் சிறுவிடை, பெருவிடை என்ற நாட்டுக்கோழிகளுக்கும் நம் கையாலேயே வீட்டுக்கு வீடு செய்துவிடுவோம். அடைக்கு உட்காரும் குணம் ஓர் இனத்தை விட்டுப் போய்விட்டால் அதை எந்தத் தெர்மோஸ்டாட்டாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இன்குபேட்டர் வைத்திருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் பெட்டியில் பொரித்து வளர்ந்த பெட்டைகளில் ஒன்று என்றாவது மூலையில் சிலிர்த்துக்கொண்டு உட்காரும். அதைத் தண்ணீரில் முக்காதீர்கள். ஒரு பழைய கூடையில் மணல் போட்டு, எட்டு முட்டை வைத்து, பக்கத்தில் தீனியும் தண்ணீரும் வைத்து, 21 நாள் அதன் போக்கில் விடுங்கள். அடுத்த ஆண்டு விதைக்கு முட்டை எடுக்கும்போது அந்தக் கோழியின் முட்டையை முதலில் எடுங்கள்.