முதலில் மனைப் பட்டா!

2030-க்குள் குடிசையே இல்லாத தமிழகம் என்று சொல்லி, 2024-ல் மாநில சர்க்கார் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தைத் தொடங்கியது. வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய். நல்ல காரியம், வரவேற்கிறோம்.

ஆனால் சொந்த மனைக்குப் பட்டா வேண்டும் என்பது நிபந்தனை. கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் கூலித் தோழன் ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தால், அவன் கதி என்ன?

கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் ஒழிந்ததே 1976-ல்தான். அதுவரை உழைத்த மலைவாழ் மக்களுக்குக் காகிதம் யார் கொடுத்தார்கள்? தலைமுறையாகக் காட்டு நிலத்தில் வாழ்பவர்களுக்காக வனஉரிமைச் சட்டம் வந்தது, 2006-ல். சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதுமா? உரிமைப் பத்திரம் கைக்கு வரவேண்டாமா?

பட்டா உள்ள ஏழைக்கு வீடு. பட்டாவும் இல்லாத பரம ஏழைக்கு வெறுங்கை! இது என்ன நியாயம்?

முதலில் மனைப் பட்டா, அதுவும் பெண்கள் பெயரில். நீர்நிலையிலிருந்து குடிசையை எடுக்கச் சொன்னால், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் மாற்று மனை. அதன்பின் வீடு.

தோழர்களே! அடுத்த கிராம சபைக்குக் கூட்டமாகப் போங்கள். பட்டா இல்லாத குடும்பங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். தீர்மானமாக எழுதி வாங்காமல் கலையாதீர்கள்!