நலமாய் நடப்போம்: முழங்கால் வலிக்காரரும் எரிமலைக்குப் போகலாம்!

எரிமலைக்கா, அதுவும் கைக்குழந்தையோடா என்று மலைத்துப் போகாதீர்கள். இந்த இதழில் நாம் பேசப் போகிற எரிமலை அணைந்து ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் வருஷம் ஆகிறது. அடுப்பு ஆறிப் போய், சாம்பலும் கரைந்து போய், கல் மட்டும் மிச்சம் நிற்கிற இடம் அது.

பேச்சு வந்ததற்குக் காரணம், ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம். 58 வயது. மகள் வீட்டில் பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார். "செப்டம்பர் கடைசியில் வருகிற பள்ளிக்கூட லீவுக்கு வாரம்பங்கிள் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்கிறார் மாப்பிள்ளை. எனக்கோ முழங்கால் வலி. மகளுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. நாங்க ரெண்டு பேரும் காரிலேயே இருந்துக்கிறோம், நீங்களும் ஆறு வயசுப் பேரனும் ஏறிட்டு வாங்க என்று சொல்லிவிட்டேன். செய்தது சரிதானே?" என்று கேட்கிறார்.

சரியில்லை அம்மா. ஆறு மணி நேரம் காரில் பிரயாணம் செய்து, அங்கே போய்ச் சேர்ந்தும் காரிலேயே உட்கார்ந்திருப்பது எந்த ஊர் நியாயம்? முழங்காலுக்கும் அது நல்லதில்லை. உட்கார்ந்தே இருக்கிற முழங்கால்தான் இறுகிப் போகும். தேய்மானத்தால் வருகிற சாதாரண முழங்கால் வலிக்கு அளவான நடை நல்லது என்பதுதான் இன்றைய வைத்திய முறை. அந்தப் பூங்காவிலோ உங்களுக்கென்றே போட்டாற்போல் சில பாதைகள் இருக்கின்றன.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கூனாபராபரன் என்ற சிற்றூருக்கு மேற்கே இருக்கிறது வாரம்பங்கிள். காமிலராய் என்ற அந்த மண்ணின் ஆதிக்குடிகளின் பாஷையில் அந்தப் பெயருக்குக் கோணல் மலைகள் என்று அர்த்தமாம். படத்தைப் பார்த்தால், இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பீர்கள். 1953-ல் தேசியப் பூங்கா ஆயிற்று.

சுமார் 1 கோடியே 70 லட்சம் வருஷத்துக்கு முன்னால் தொடங்கி, 40 லட்சம் வருஷ காலம் விட்டு விட்டுப் பொங்கிய எரிமலை இது. எல்லாப் பாறைக் குழம்பும் ஒரே பதம் இல்லை. சில எரிமலைகளில் அது ரசம் போல் நீர்க்க ஓடும். இங்கே வந்த ட்ராக்கைட் என்ற குழம்போ கிண்டக் கிண்டக் கெட்டியாகிற அல்வா பதம். ஓட மாட்டாமல் வாயிலேயே குவிந்தது. தொண்டையிலேயே அடைத்துக்கொண்டு இறுகியது. பக்கத்து விரிசல்களில் புகுந்து அங்கேயே உறைந்தது. பிறகு லட்சோப லட்சம் வருஷத்து மழையும் காற்றும் சுற்றியிருந்த இளகிய சாம்பல் பாறையை அரித்துக்கொண்டு போய்விட, கெட்டிப் பாறை மட்டும் தனியாக நிமிர்ந்து நிற்கிறது. தொண்டை அடைப்பாக இருந்ததுதான் இன்று பெலோகரி ஸ்பயர், கிரேட்டர் பிளஃப் என்று பெயர் பெற்ற சிகரங்கள். விரிசலில் உறைந்தது பிரெட்நைஃப், அதாவது ரொட்டிக் கத்தி. சுமார் 90 மீட்டர் உயரம், சில மீட்டரே கனம். நம்ம வீட்டுப் பெண்கள் பெயர் வைத்திருந்தால் அரிவாள்மணை என்றுதான் வைத்திருப்பார்கள்.

"பாட்டி, இது மறுபடியும் வெடிக்குமா?" என்று பேரன் கட்டாயம் கேட்பான். வெடிக்காது என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஆஸ்திரேலிய நிலத்தட்டு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டராக வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. அடியிலே இருந்த சூட்டை விட்டு இந்த மலை எப்போதோ விலகி வந்தாயிற்று. தோசைக்கல்லை அடுப்பிலிருந்து தள்ளி வைத்த கதைதான்.

இனி நடைக்கு வருவோம். பூங்காவின் பெரிய நடை, பிரெட்நைஃப் வழியாகக் கிராண்ட் ஹை டாப்ஸ் என்ற உச்சிக்குப் போவது. போக வர 14.5 கிலோமீட்டர், ஏராளமான படிகள், ஐந்தாறு மணி நேரம். இதை உங்கள் மாப்பிள்ளை ஒரு நாள் தனியாகப் போய் வரட்டும். ஆறு வயசுப் பையனை அதற்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பாதி வழியில் கால் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டால் அவனைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவது யார்?

உங்களுக்கு ஏற்றது ஒயிட்கம் லுக்அவுட். கூனாபராபரனிலிருந்து வருகிற சாலையோரத்திலேயே வண்டியை நிறுத்திவிடலாம். போக வர ஒரே கிலோமீட்டர், நன்றாகச் செப்பனிட்ட பாதை. அதன் முடிவில் சிகரங்கள் அத்தனையும் வரிசை கட்டி எதிரே நிற்கும். மாலை வெயில் சாய்கிற நேரத்தில் போவது விசேஷம். இவ்வளவு கொஞ்சம் நடந்து இவ்வளவு பார்க்கக் கிடைக்கிற இடங்கள் உலகத்திலேயே குறைவு. பார்வையாளர் நிலையத்தை ஒட்டிய குரியனாவா பாதையும் அதே அளவுதான். அடுத்த நாள் காலை, வாம்பெலாங் ஓடைக்கரையோரம் ஒரு கிலோமீட்டர் சொச்சம் சுற்றி வருகிற இயற்கைப் பாதை. குழந்தைக்குக் கங்காருவைக் காட்ட அது நல்ல இடம்.

கால் பழகிவிட்டதென்றால் மூன்றாம் நாள் ஒரு காரியம் செய்யலாம். பெரிய நடை பிஞ்சம் என்ற இடத்தில் தொடங்குகிறது. அதன் ஆரம்பப் பகுதி ஸ்பைரி ஓடையை ஒட்டி ஏறக்குறைய சமதரையாகவே போகும். படிகள் வரும் வரை நடந்து, இளைப்பாறி, திரும்பி விடுங்கள். உச்சி வரை போனால்தான் போனதாகக் கணக்கு என்று யார் சொன்னது? ஃபேன்ஸ் ஹொரைஸன் என்று இன்னொன்று உண்டு. மூன்றரை கிலோமீட்டர்தானே என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள். நூற்றுக்கணக்கில் படிகள். உங்கள் மகள் வேண்டுமானால் போகட்டும்.

முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை. இறங்கும்போது உடம்பின் பாரத்தைப் போல இரண்டு மூன்று பங்கு முழங்காலில் விழுகிறது. ஆகவே ஊன்றுகோல் ஒன்று வேண்டும், வெட்கப்படாதீர்கள். அங்கே இருபது வயசுக்காரர்களே இரண்டு கையிலும் கோல் வைத்துக்கொண்டுதான் மலை இறங்குகிறார்கள். அடியைச் சின்னச் சின்னதாக வையுங்கள். இப்போதிருந்தே தினமும் அரை மணி நேரம் நடை. அதோடு, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். தொடைத் தசை பலப்பட்டால் முழங்காலின் பாரம் குறையும். செருப்போடு மலைக்குப் போகக் கூடாது. பிடிப்புள்ள ஷூவை வாங்கி, வீட்டுக்குள்ளேயே இரண்டு வாரம் போட்டுப் பழகுங்கள். புதுஷூ கொப்புளத்தைப் போல ஒரு லீவைக் கெடுக்கக்கூடியது வேறில்லை. நடக்கும்போது நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வருகிறவர்கள், முழங்கால் வீங்கிச் சூடாக இருப்பவர்கள் டாக்டரைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

மகளுக்கு ஒரு வார்த்தை. பிரசவமாகி எட்டு மாதம் ஆனபின் நடக்கத் தடையில்லை. ஆனால் ஏறும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிகிறதா, அடிவயிற்றுக்குக் கீழே ஏதோ இறங்குகிற மாதிரி கனம் தெரிகிறதா? நம் பெண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று சகித்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியால் பெரும்பாலோருக்குக் குணமாகும். அது சரியாகும் வரை குழந்தையைச் சுமப்பது அப்பா வேலை.

முதுகிலோ மார்பிலோ கட்டித் தூக்கும்போது குழந்தையின் கால்கள் தவளை மாதிரி அகன்று மடங்கி இருக்க வேண்டும். முகம் மூடிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடக்கிற நமக்கு வேர்க்கும், சும்மா உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கோ குளிரும். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. அடிக்கடி பிடரியில் கைவைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலிய வெயில் மேகமூட்டத்திலும் தோலைச் சுடும். தொப்பி, முழுக்கைச் சட்டை, நிழல், இவைதான் குழந்தைக்கு முதல் காப்பு.

அடுத்து, தண்ணீர். வெளியூர் என்றாலே கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதை விட்டுவிடுங்கள். தலைவலி, மயக்கம், நீர்க்கடுப்பு எல்லாம் இதனால் வருவது. பாலூட்டுகிற தாய்க்கு இன்னும் அதிகமாகவே தண்ணீர் வேண்டும். பார்வையாளர் நிலையத்திலும் முகாம்களிலும் கழிப்பறை உண்டு, பிளாக்மன் முகாமில் வெந்நீர்க் குளியலுக்கும் வசதி உண்டு. நடை தொடங்கும் முன் போய் வந்துவிடுங்கள். குடிநீரைக் கையோடு கொண்டு போக வேண்டும். ஓடைத் தண்ணீர் வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நல்லெண்ணெய் மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, எலுமிச்சை சாதம், கடலை மிட்டாய், ஆரஞ்சு போதும். கங்காரு பாவமாகப் பார்க்கிறதே என்று ஒரு விள்ளல் கூடப் போட்டுவிடாதீர்கள். நம் சாப்பாடு அதற்கு வியாதி. தோலும் காகிதமும் உங்கள் பையிலேயே திரும்பி வரட்டும். ஈமு கோழி கண்ணில் பட்டால் மாப்பிள்ளைக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். முட்டை இடுவதோடு தாயின் வேலை முடிந்தது. சுமார் எட்டு வாரம் அன்ன ஆகாரத்தைப் பெரும்பாலும் மறந்து அடைகாப்பதும், குஞ்சுகளை மேய்த்து வளர்ப்பதும் அப்பா ஈமுதான்!

லீவு செப்டம்பரில் வருவது உங்கள் அதிர்ஷ்டம். அங்கே அப்போது வசந்தம், காட்டுப் பூக்கள் பூக்கிற பருவம். இரவில் குளிரும், கம்பளி வேண்டும். டிசம்பர், ஜனவரி லீவாக இருந்திருந்தால் போக வேண்டாம் என்றே எழுதியிருப்பேன். 2013 ஜனவரியில் அந்தப் பூங்காவில் மூண்ட காட்டுத் தீ ஏறக்குறைய முழுப் பூங்காவையும் தின்றது. சுற்றுவட்டாரத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. பார்வையாளர் நிலையம் சாம்பலாயிற்று. இப்போது இருப்பது பிறகு கட்டியது. உயிர்ப்பலி மட்டும் இல்லை. கரிந்த யூகலிப்டஸ் மரங்கள் பட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த மொட்டுகளிலிருந்து துளிர்த்து, அடிமரம் முழுக்கப் பச்சைக் கம்பளி போர்த்தினாற்போல் நின்றன. சைப்ரஸ் பைன் மரத்துக்கு அந்த வித்தை தெரியாது. எரிந்தால் எரிந்ததுதான், விதையிலிருந்துதான் மறுபடி வர வேண்டும். அதனால் கிளம்பும் அன்று காலையில் பூங்கா திறந்திருக்கிறதா, தீ எச்சரிக்கை உண்டா என்று பார்ப்பதைச் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். மூடியிருக்கிறது என்றால் திரும்பி விட வேண்டும்.

வெயில் ஏறும் மாதங்களில் பாம்பு நடமாட்டமும் உண்டு. பாதையை விட்டு விலகாமல் நடந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. அகலமான எலாஸ்டிக் கட்டுத்துணி இரண்டு பையில் இருக்கட்டும். கடித்துவிட்டால் கழுவக் கூடாது, நடக்கவும் கூடாது. கை அல்லது கால் முழுவதையும் அழுத்திச் சுற்றி, அசையாமல் படுக்கவைத்து, 000 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். இது அந்த நாட்டுப் பாம்புகளுக்குச் சொல்லப்பட்ட முறை. நம் ஊரில் இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். பூங்காவில் பல இடங்களில் செல்போன் எடுக்காது. எந்தப் பாதைக்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டு நடங்கள்.

அந்த மலையில் பெண்கள் கதையும் ஒன்று உண்டு. தொண்டை அடைப்புச் சிகரம் என்றேனே, கிரேட்டர் பிளஃப், அதன் செங்குத்துப் பாறையில் 1936-ல் முதன்முதலாக ஏறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் எரிக் டார்க் என்ற டாக்டர். மற்றவர் டாட் பட்லர் என்று பின்னால் பெயர் பெற்ற இளம்பெண். வெறுங்காலோடு மலையேறுவது அவர் வழக்கம். 'வெறுங்கால் நடையாளி' என்ற பொருளில்தான் தன் சுயசரிதைக்கே பெயர் வைத்தார். 2008-ல் காலமானபோது அவருக்கு வயது 96. இதற்காக நீங்கள் ஷூவைக் கழற்றிவிடாதீர்கள்!

ராத்திரி சீக்கிரம் தூங்கிவிட வேண்டாம். பக்கத்துக் குன்றில்தான் சைடிங் ஸ்பிரிங் வானாய்வுக்கூடம். 1974-லிருந்து 3.9 மீட்டர் தொலைநோக்கி அங்கே வேலை செய்கிறது. ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு என்பதால் 2016-ல் ஆஸ்திரேலியாவின் முதல் இருள்வானப் பூங்கா என்ற அங்கீகாரம் வாரம்பங்கிளுக்குக் கிடைத்தது. டார்ச் விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டால் கண் கூசாது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு முகாம் வாசலில் உட்காருங்கள். நம் ஊரில் கோடைக் கால ராத்திரியில் தெற்கே தாழ்வாகத் தெரிகிறதே திரிசங்கு நட்சத்திரம், அதுவும் அங்கே உண்டு. செப்டம்பரில் இருட்டியதும் தென்மேற்கில் தேடினால் கிடைக்கும். பேரனுக்கு அந்தத் திரிசங்கு ராஜா கதையை அப்போது சொல்லிவிடுங்கள்.

ஊர் திரும்பியதும், எத்தனை பாதை நடந்தீர்கள், இறக்கத்தில் முழங்கால் என்ன சொல்லிற்று என்று ஒரு கடிதம் போடுங்கள் அம்மா.