ஷிப்ட் முடிந்தபின் பேச ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு,

வீடியோ அழைப்பில் காதல் தேடும் இளைஞர்கள் பற்றிய தங்கள் கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். மறைமலை நகரில் எங்கள் மாடியில் குடியிருந்த தொழிற்சாலைப் பையன், ஷிப்ட் முடிந்து வந்தால் பேச ஆளில்லாமல், முன்பின் தெரியாத பெண்ணுடன் வீடியோவில் பழகினான். மோசடிக்காரர்கள் அந்த அழைப்பைப் பதிவு செய்து, அவனை மிரட்டிப் பணம் பறித்தார்கள். வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் தவித்தான். துணை தேடியதில் அவன் தப்பு எதுவுமில்லை.

சைபர் குற்றப் புகாருக்கான 1930, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416 ஆகிய எண்களை, செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரையுள்ள விடுதிகளிலும் தொழிற்சாலைப் பேருந்துகளிலும் ஒட்ட வேண்டும். ஊர் நூலகங்களை இரவு ஒன்பது மணி வரை திறந்து வைத்தால், வெளியூரிலிருந்து வந்தவர்கள் நேரில் பழகவும் ஓர் இடம் கிடைக்கும்.

– வாசகி, மறைமலை நகர்