வரிவிலக்கில் பிறந்த பக்தி

அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் இடையிலான மோதல், கடவுள் நம்பிக்கையாளருக்கும் மதச்சார்பற்றோருக்கும் இடையிலான போராகவே நம் ஊடகங்களிலும் சித்திரிக்கப்படுகிறது. கருக்கலைப்பு உரிமையை அங்கீகரித்த 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கண்டு வெகுண்ட கிறிஸ்தவர்கள் அரசியலில் குதித்தனர் என்பது அச்சித்திரத்தின் தொடக்கம். கிறிஸ்தவ வலதுசாரிகள் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட தலபுராணம் அது.

உண்மை வேறு. அந்நாட்டின் மிகப்பெரிய புராட்டஸ்டண்ட் அமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு, வன்புணர்வு, தாயின் உடல்நல, மனநலப் பாதிப்பு போன்ற நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களை ஆதரித்து 1971இல் தீர்மானமே நிறைவேற்றியிருந்தது. அவர்களை வெகுளச் செய்தது பள்ளிக்கூடம். பொதுப் பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லாது என்று 1954இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின், தென் மாநில வெள்ளையர்கள் தம் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளிகளைத் திறந்தனர்; அவற்றுள் பல தேவாலயங்களின் நிழலில் நடந்தன. மிசிசிப்பியின் ஹோம்ஸ் மாவட்டப் பொதுப் பள்ளிகளில் இன ஒதுக்கல் நீக்கப்பட்ட முதலாண்டில் வெள்ளை மாணவர் எண்ணிக்கை 771இலிருந்து 28ஆகச் சரிந்தது. மறு ஆண்டு ஒருவர்கூட இல்லை. இத்தகைய தனிப்பள்ளிகளுக்கு வரிவிலக்கு கிடையாது என்று 1971இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிற்று. கறுப்பின, வெள்ளையின மாணவர் காதலிப்பதையே தடைசெய்திருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976இல் அச்சலுகையை இழந்தது.

போதகர்களைத் திரட்டியது இந்த வரிப் பிரச்சினையே, கருக்கலைப்பு அல்ல என்று வலதுசாரி அமைப்பாளர் பால் வெய்ரிச்சே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் இன ஒதுக்கலைக் காப்போம் என்று 1979இல் வெளிப்படையாக வாக்குக் கேட்க முடியாதல்லவா? எனவே அவரும் போதகர் ஜெர்ரி ஃபால்வெல்லும் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பைக் கட்டியபோது, கருவும் குடும்பமும் முன்வரிசைக்கு வந்தன. மறு ஆண்டு அவர்கள் வீழ்த்திய ஜிம்மி கார்ட்டர், ஞாயிறு பள்ளியில் வேதாகமம் கற்பித்தவர். வெற்றிபெறச் செய்த ரொனால்டு ரீகனோ, 1967இல் கலிபோர்னியா ஆளுநராகக் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தியவர்! அதிபரானதும் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000க்கும் மேற்பட்டோரை ஒரே ஆணையில் பணிநீக்கம் செய்தார். செல்வந்தருக்கான உச்ச வருமான வரி விகிதம் 70 விழுக்காட்டிலிருந்து அவரது ஆட்சி முடிவதற்குள் 28ஆக இறங்கியது. ஏகபோக மூலதனம் ஜெபக்கூட்டங்களை நேசித்ததன் பொருள் இதுவே.

வெள்ளையின இவாஞ்சலிக்கல் வாக்காளர்களில் பத்தில் எட்டுப் பேர் டிரம்ப்பின் பக்கம் நிற்கின்றனர். அதே வேதாகமத்தை ஓதும் கறுப்பினப் புராட்டஸ்டண்டுகளில் மிகப்பெரும்பான்மையோர் எதிர்ப்பக்கம் நிற்கின்றனர். 1968இல் மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றபோது சுட்டுக்கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்கும் ஒரு போதகரே. ஆகவே நம்பிக்கையாளர் அனைவரையும் பிற்போக்கின் கணக்கில் எழுதிவிடுவது சோம்பேறித்தனமான அரசியல். ஜனநாயகக் கட்சித் தலைமையிடம் அந்தச் சோம்பல் ஏராளம். ஆலைகளை எல்லை தாண்ட விட்ட வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டத்தில் 1993இல் கையெழுத்திட்டவர் அக்கட்சியின் கிளிண்டன்தான். வேலையிழந்த ஊர்களில் தொழிற்சங்கக் கிளைகள் மெலிந்தன. தேவாலயம் மட்டும் எஞ்சியது.

மிசூரி மாநிலத்தில் 2024 நவம்பர் 5 அன்று நடந்தது இங்கே கருதத்தக்கது. டிரம்ப்புக்கு ஏறத்தாழ 58 விழுக்காடு வாக்களித்த அதே மக்கள், குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 15 டாலராக உயர்த்தவும் ஊதியத்துடன் கூடிய நோய்விடுப்பு வழங்கவும் அதே அளவு ஆதரவு தந்தனர். கருக்கலைப்பு உரிமையும் அன்றே மாநில அரசமைப்பில் இடம்பெற்றது. பக்தி மிகுந்த மாநிலம்தான். எனினும் கூலிக் கேள்வி தனியே முன்வைக்கப்பட்டபோது தொழிலாளி தொழிலாளியாகவே விடையளித்தார்.

குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட மாநிலச் சட்டமன்றம் இதைச் சகித்துக்கொள்ளவில்லை. முதலாளிகளின் அமைப்புகள் வற்புறுத்த, 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த நோய்விடுப்பு ஆகஸ்ட் இறுதியிலேயே பறிக்கப்பட்டது. கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை மீண்டும் வாக்கெடுப்புக்கு அனுப்பும் தீர்மானமும் அதே கூட்டத்தொடரில்தான் நிறைவேறியது. தேவாலய மேடைகளில் பின்னது முழங்கப்படும். விடுப்பு பறிபோனதைத் தொழிலாளியிடம் எடுத்துச் செல்லும் வேலை தொழிற்சங்கங்களின் தோளில் இருக்கிறது.